குருட்டு விலை

மனைவியின் உயிருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு விலை சொன்னார்கள். பாதிவிலை அதில் எட்டில் ஒரு பங்கைக் குறைத்து முடித்தார்.

பாதிவிலை என்பது கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர். பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி விற்பவர். வீடு காலி செய்கிறவர்கள், போய்ச் சேர்ந்த தகப்பனின் கட்டிலைப் பார்க்கப் பிடிக்காத பிள்ளைகள், கல்யாணம் முறிந்து ஒரே ஃபிரிட்ஜை இரண்டாகப் பிளக்கத் தெரியாத தம்பதிகள் எல்லாரும் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்க வேண்டும். யார் என்ன விலை சொன்னாலும் முதலில் சிரிப்பார். பிறகு பொருளைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பிறகு பாதி சொல்வார். அந்த ஒரு நடையிலேயே பொருள் கால்வாசி இளைத்துவிடுகிறது என்று அடுத்த கடைப் பூட்டுக்காரர் சொல்வதுண்டு.

ஆஸ்பத்திரியின் பணம் கட்டும் கவுண்டரிலும் அவர் அப்படித்தான் நின்றார். இடது மார்பில் கட்டி, இடது அக்குளில் நெறிக்கட்டிகள். இரண்டையும் ஒரே மயக்கத்தில் எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மயக்கம் ஒன்றுதானே, அப்புறம் எதற்கு இரண்டு வேலைக்கு இரண்டு வாடகை என்று கேட்டார். உள்ளே உடலைத் திறந்து வைத்த பிறகு பக்கத்தில் இருப்பதை எடுக்கத் தனிக் கூலியா என்றும் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவுண்டர் ஆள் இப்படி ஒரு வாடிக்கையாளரைக் கண்டதில்லை. உள்ளே போனான், வந்தான், குறைத்துக்கொண்டான். மனைவி பின்னால் சக்கர நாற்காலியில், கழற்றிய தோடுகளைக் கைக்குள் மூடிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு. மெத்தையம்மா. கணவர் வாங்கிப்போடும் கிழட்டு நாற்காலிகளின் தோலை உரித்து, ஸ்பிரிங்கை இறுக்கி, நார் அடைத்து, மேலே துணி போர்த்துவது அவள் வேலை. பல்லிடுக்கில் நாலைந்து ஆணிகளைக் கடித்தபடி இடது கையால் துணியை இழுத்துப் பிடிப்பாள், வலது கையால் அடிப்பாள். அடிப்பதில் ஒன்றுமில்லை, இழுப்பில்தான் தொழில் இருக்கிறது என்பாள். இழுப்புத் தளர்ந்த நாற்காலி ஆறு மாதத்தில் தொப்பை போட்டுவிடும். பாதிவிலைக்குப் பாதிக்கு வாங்கத்தான் தெரியும். அதை முழு விலைக்கு விற்க வைப்பது அவளுடைய இடது கை.

ஆபரேஷன் முடிந்து, அக்குளில் செருகியிருந்த ட்யூபையும் எடுத்து, அவள் வீட்டுக்கு வந்து சில வாரம் ஆயிற்று. தினமும் காலையில் சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களைப் பூச்சி ஊர்வதுபோல் மேலே ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தோள் உயரம் வரை ஏறும் விரல்கள் அதற்கு மேல் மறுத்தன. அக்குளுக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துத் தைத்துவிட்டதுபோல் இருக்கிறது என்றாள். கதிர் சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டிய ஸ்கேனை எடுத்தார்கள். படமும் பேப்பரும் ஒரு பெரிய உறையில் வந்தன.

விற்பனைக்கு இருந்த ஒரு சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெளியே மழை பிடித்திருந்தது. ஈரத்தில் மரம் ஊதி, கடையில் எந்த அலமாரியின் இழுப்பறையும் அசைந்து கொடுக்காத காலம். பாதிவிலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆபரேஷனில் எடுத்ததைச் சோதித்த பேப்பர் ஒன்று. அக்குளில் எடுத்த நெறிக்கட்டி பதினாறு, அதில் நோய் இருந்தது ஒன்று என்பதுவரை விளங்கியது. ஸ்கேன் பேப்பர்தான் பிடிபடவில்லை. அதில் 'கலெக்‌ஷன்' என்ற கடைத்தெருச் சொல்லைக் கண்டதும் தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் ஒரு கணம் தெம்பு வந்தது. அடுத்த வரியில் அதுவும் போய்விட்டது.

"நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லுங்க."

"இரு, படிக்கிறேன்ல. ஒரு கட்டில் வாங்கவே நாலு காலையும் தட்டிப் பாக்கணும்."

அறுவை டாக்டர் ஒரு அம்மாள். கறாரான பேச்சு, ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் உண்டு. மறுநாள் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி விவரமாகவே சொன்னார். உள்ளே சதையை எடுத்த இடம் காலியாக இருக்கும், உடம்பு அங்கே நீரை ஊறவிடும், ட்யூபை எடுத்த பிறகும் சில வாரம் ஊறலாம், பெரும்பாலும் தானே வற்றிவிடும், இறுகி வலித்தால் ஊசி போட்டு உறிஞ்சி எடுக்கலாம், காய்ச்சலோ சிவப்போ வந்தால் மட்டும் உடனே வர வேண்டும். அடுத்த வாரம் மறுபடி பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

மெத்தையம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. பாதிவிலைக்குத்தான் உறுத்தியது. ஆபரேஷன் செய்தவரே ஆபரேஷன் நன்றாக இருக்கிறது என்கிறார். விற்றவனே தரத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் யார் நம்புவார்கள்? தேக்கு என்று சத்தியம் செய்து எத்தனை பேர் அவரிடம் ஒட்டுப்பலகையைத் தள்ளப் பார்த்திருக்கிறார்கள். அக்குளில் அத்தனை பெரிய வீக்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றால், அவசரத்தில் எதையோ உள்ளே விட்டுத் தைத்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. எதையோ மறைக்கிறார்கள் என்று வீடு வரும்வரை மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். விலையைக் குறைத்ததற்கு வேலையிலும் குறைத்துவிட்டார்களோ என்ற பயமும் அடியில் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. குருட்டு விலை என்பார்கள். ஒரு பொருளை இரண்டாம் ஆளிடம் மதிப்புக்குக் கொண்டுபோனால், முதல் ஆள் சொன்னதை மூச்சு விடக் கூடாது. எங்கே வாங்கியது, எப்போது வாங்கியது, யார் பழுது பார்த்தது, எதுவும் வாயிலிருந்து வரக் கூடாது. குடைந்து குடைந்து கேட்டால் எதையாவது மாற்றிச் சொல்லிவிட வேண்டும். பொருள் தானே பேசும். அப்படி வரும் விலைதான் சுத்தமான விலை.

ஆகவே பேப்பர்களையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு, ஸ்கேன் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மனைவியிடம் கட்டில் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு ஸ்கேன் நிலையத்துக்குப் போனார். படம் பார்க்கும் டாக்டர் இருட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். நிதானமான மனிதர். படத்தை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, நோயாளி வரவில்லையா என்றார். வர முடியாத நிலை என்றார் பாதிவிலை.

"ஆபரேஷன் எப்ப ஆச்சு?"

"அது ஆச்சுங்க, ஒரு ஒன்றரை வருஷம் இருக்கும்."

"அதுக்கான பேப்பர்?"

"வீடு மாத்தினதுல எங்கயோ போச்சு."

"பழைய படம்?"

"அதுவும்தாங்க."

டாக்டர் மறுபடி படத்தின் பக்கம் திரும்பினார். பழைய படம் இல்லாமல் சொல்வது கஷ்டம், இருந்தாலும் இத்தனை காலம் கழித்து இந்த இடத்தில் புதிதாக இப்படி ஒன்று இருப்பதை லேசாக விட முடியாது என்றார். பாதிவிலைக்கு உடம்பு சிலிர்த்தது. பொருள் பேசிவிட்டது என்று நினைத்தார். வெளி அறையில் இருந்த தட்டச்சுப் பெண் டாக்டர் சொன்னதை அடித்துக் கொடுத்தாள். நோய் திரும்பியிருக்கலாம் என்று சந்தேகம், ஊசி போட்டுச் சோதிக்க வேண்டும், பழைய படங்களைத் தேடி எடுத்து ஒப்பிட வேண்டும் என்று இருந்தது. அதற்கெல்லாம் மேலே, ஆபரேஷன் நடந்து ஒன்றரை வருடம் என்றும் ஒரு வரி இருந்தது. அது அவர் கொண்டுபோன சரக்கு. அதை அவர் படிக்கவில்லை.

கடைக்குள் நுழையும்போதே பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். மெத்தையம்மா ஒரு நாற்காலிக்கான துணியைத் தரையில் விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஆணி அடிக்க முடியாத நாட்களில் கோடாவது போடலாமே என்று ஒரு ஹோட்டலின் நாற்காலி வேலையை ஒப்புக்கொண்டிருந்தாள். அவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே பேப்பரைத் தமிழாக்கிப் படித்தார். அடுத்த கடையில் அரத்தால் சாவி ராவிக்கொண்டிருந்த பூட்டுக்காரர் ராவுவதை நிறுத்தினார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? மறைக்கிறாங்கன்னு சொன்னேன்ல? வேற ஒருத்தன் பாத்த உடனே புடிச்சுட்டான் பாரு."

அவள் போட்டுக்கொண்டிருந்த கோட்டைக் கடைசிவரை போட்டு முடித்தாள். கட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப திரும்பி வந்துருச்சா?" என்றாள்.

அப்போதுதான் பாதிவிலைக்குத் தான் என்ன படித்தோம் என்று உறைத்தது. வந்திருக்கலாம் என்றுதான் போட்டிருக்கிறது, உறுதியாக இல்லை, ஊசி போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று மென்று முழுங்கினார். கைக்கு வந்த வெற்றி கையிலேயே கசங்கிப் போயிற்று. பூட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ராவத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் அவள் சுவர்ப்பக்கம் போகவில்லை. டீயைக் குடித்துவிட்டு ஹோட்டல்காரருக்குப் போன் செய்து, நாற்காலிகளை எடுத்துப் போகும்படி சொன்னாள். வண்டிக்காரன் வந்தான். தோல் உரித்து ஸ்பிரிங் வெளியே தெரிய நின்ற நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தூறலில் வண்டியில் ஏறின. முடித்துக் கொடுப்பதாகத்தானே சொன்னீர்கள் அம்மா என்று வண்டிக்காரன் கேட்டதற்கு, வேறு நல்ல கை பார்த்துக்கொள்ளச் சொல் என்றாள். பாதிவிலை கயிறு பிடிக்கப் போனார். அவள் விடவில்லை, ஒற்றைக் கையாலேயே சுற்றி முடிச்சுப் போட்டாள்.

வண்டி போன பிறகு காலியான தரையைப் பார்த்தபடி அவள் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் அவருக்குப் பதில் பேசத் தெரிந்திருக்கும். அவள் துணி அளவு சொல்வதுபோல் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். சொல்லாமலே போயிரலாம்னுதான் நெனச்சேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில பணம் கட்டுறப்போ நீங்க பேரம் பேசினீங்கல்ல. பின்னாடி நான் உக்காந்திருந்தேன். அத்தன பேரும் உங்கள விட்டுட்டு என்னத்தான் பாத்தாங்க. இவளுக்கு இவ்வளவு கொடுக்கலாமா வேண்டாமான்னு பாக்கற மாதிரி. மயக்க ஊசி போடுற வரைக்கும் எனக்கு நோவு நெனப்பே இல்ல. கூச்சமாத்தான் இருந்துச்சு."

"வீட்டுக்காகத்தானே பேசினேன்."

"தெரியும். அதனாலதான் இத்தன நாளா சொல்லல. இப்ப என்ன, சொன்னா சொன்னதுதான்."

சாகப் போகிறோம் என்று நம்புகிறவள் மட்டும் எடுத்துக் கொடுக்கும் உண்மை அது. அதை அவர் வாங்கிக்கொண்டார். என்ன கொடுத்து வாங்கினோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

தெரிந்தது அன்று சாயங்காலம். பூட்டுக்காரர் ஒரு பூட்டைக் காட்டி, சாவி இறுக்கமாகத் திரும்புகிறது பாருங்கள் என்றார். பேச்சை மாற்றுவதற்காகத்தான் காட்டினார். அது என்ன கோளாறு என்று பாதிவிலை ஒப்புக்குக் கேட்டார்.

"அது பூட்டோட வயசப் பொறுத்தது, பாதி. புதுப் பூட்டு இறுக்கமா இருந்தா அது அப்படித்தான் இருக்கும், நாளாக நாளாகச் சரியாயிரும். இதே இறுக்கம் பழைய பூட்டுல இருந்தா உள்ள துரு. வாங்கின தேதி தெரியாம யாராலயும் சொல்ல முடியாது."

பாதிவிலை எழுந்து கடைக்குள் போனார். உறையிலிருந்து பேப்பரை எடுத்து, படிக்காமல் விட்ட வரியைப் படித்தார். ஒன்றரை வருடம். அவர் வாயிலிருந்து விழுந்த அதே சொல், அச்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.  உள்ளே அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று வாசல்வரை போனார். 'இது என் பொய்யாக இருக்கலாம்' என்ற ஒரு வாக்கியத்தை எத்தனை விதமாகச் சுற்றி நடந்து பார்த்தும், அதன் விலை குறையவில்லை. அடுத்த வாரம் அறுவை டாக்டரைப் பார்க்கத்தானே போகிறோம், அவரே பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிடட்டும், நாம் வாயைக் கொடுப்பானேன் என்று திரும்பி வந்துவிட்டார். அந்த நாட்களில் அவள் தட்டில் சோறு மிச்சம் விழுந்துகொண்டே இருந்தது. அவர் தன் தட்டை வழித்துச் சாப்பிட்டார். பசிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

அறுவை டாக்டரின் மேசையில் மெத்தையம்மாவே இரண்டு பேப்பரையும் எடுத்து வைத்தாள். டாக்டர் முதல் பேப்பரைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒன்றரை வருஷம்னு யாரும்மா சொன்னது?"

அவளுக்கு விளங்கவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க ஒரு பொண்ணு டைப் அடிச்சுது" என்றார் பாதிவிலை. "தப்பா அடிச்சிருக்கும்."

அவர் யோசித்துச் சொல்லவில்லை. மேசை ஆடுகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே உங்கள் தரை சரியில்லை என்று சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது.

டாக்டர் படத்தை மாட்டி மெத்தையம்மாவை எழுந்து வரச் சொன்னார். கறுப்பாக ஒரு குட்டைபோலத் தெரிந்த இடத்தைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். இது நீர், இதன் ஓரம் மெல்லிசாக இருக்கிறது, ஆபரேஷன் ஆகிச் சில வாரத்தில் இது இருப்பது சாதாரணம். இதையே ஒன்றரை வருடம் கழித்துப் புதிதாகப் பார்த்தால் நானும் சந்தேகம் என்றுதான் எழுதியிருப்பேன். படம் மட்டும் பாதிதான் சொல்லும், மீதியைத் தேதியும் பழைய பேப்பரும்தான் சொல்ல வேண்டும், அந்த டாக்டர் மேல் தப்பில்லை என்றார். மெத்தையம்மா அந்தக் கறுப்புக் குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் மெல்ல இறங்கியது.

ஆனால் டாக்டர் விடவில்லை. இந்த மாதிரித் தப்பால் நாளைக்கு யாருக்காவது வேண்டாத கத்தி விழும் என்று சொல்லிக்கொண்டே பேப்பரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். படம் பார்க்கும் டாக்டரின் நிதானமான குரல் வந்தது. விவரத்தைக் கேட்டுக்கொண்டது. பிறகு அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டது. நான் என்ன சொன்னேன், நீ என்ன அடித்தாய் என்று கேட்டது.

"நீங்க சொன்னததான் சார் அடிச்சேன்" என்றாள் தட்டச்சுப் பெண். "ஒன்றரை வருஷம்னுதான் சார் என் காதுல விழுந்துச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. போன மாசமும் ஒரு தேதியில தப்பு விட்ட."

"அது வேற சார். இது நான் இல்ல." குரல் உடையத் தொடங்கியது. "சரி சார், ஒருவேள நான்தான் சரியாக் கேக்கலையோ என்னவோ."

செய்யாத தப்பை அந்தப் பெண் வாங்கிக்கொள்ளப் போனாள். தன் வாழ்நாளில் எத்தனையோ பொருளை எத்தனையோ பேர் தலையில் கட்டியிருக்கிறார் பாதிவிலை. ஒருவரும் இப்படிக் கையை நீட்டி வாங்கியதில்லை.

"அந்தப் பொண்ணு இல்லைங்க" என்றார். குரல் போனுக்குக் கேட்காதோ என்று மேசைப் பக்கம் குனிந்தார். "நான்தான் அப்படிச் சொன்னேன். பேப்பர் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னதும் நான்தான். எல்லாம் வீட்ல பத்திரமா இருந்துச்சு."

 பிறகு நிதானமான குரல், எதற்காக என்று மட்டும் கேட்டது. சொல்லாமல் கேட்டால்தானே உண்மை வரும் என்று பார்த்ததாகச் சொன்னார். ஒரு கடைத்தெருவே ஒப்புக்கொள்ளும் நியாயம் அது. அந்த வெள்ளை அறையில் சொல்லும்போது அசட்டுத்தனமாக இருந்தது. டாக்டர் அம்மாள் திட்டவில்லை. போனை வைத்தார். நர்ஸைக் கூப்பிட்டு ஊசிக்குத் தயார் பண்ணச் சொன்னார். வீக்கம் இறுகித்தான் இருக்கிறது, எடுத்துவிட்டால் கை தூக்கச் சுலபமாக இருக்கும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் கொஞ்சத்தைச் சோதனைக்கும் அனுப்பிவிடலாம் என்றார். இதையெல்லாம் மெத்தையம்மாவிடம்தான் சொன்னார். அவரை வெளியே போகச் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. அவரே போய்விட்டார்.

ஊசி போட்ட பிறகு சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். வராந்தா பெஞ்சில் அவர் ஒரு ஓரத்தில் இருந்தார். அவள் வந்து நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்ததாம். டாக்டர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாராம். அவ்வளவு சொல்லிவிட்டு இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். தோளைத் தாண்டிக் கொஞ்சம் போயிற்று. எதிரே ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இருவரும் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

"ஹோட்டல்காரருக்கு நான் போன் பண்றேன்" என்றார் அவர். "நாற்காலி எல்லாத்தையும் நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"அது என்ன புள்ளைங்களா, கூட்டிட்டு வர." அவள் சிரிக்கவில்லை. "வேற ஆள் கையில போயிருக்கும். விடுங்க."

 ஏதாவது கேட்டுவிடு, திட்டியாவது விடு என்று அவர் முகத்தை அவள் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அவள் இடது கையை மடியில் விரித்து வைத்தாள். வலது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினாள்.

"எடுத்த நெறிக்கட்டி பதினாறு. அதுல கெட்டது ஒண்ணு. அது என் கணக்கு, அதுல உங்களுக்குச் சம்பந்தமில்ல." சுண்டு விரல் மடங்கியது. "இன்னைக்கு எடுத்த தண்ணி முக்கா டம்ளர் இருக்கும், டெஸ்ட்டுக்கு ஒரு குப்பி போயிருக்கு. அதுவும் என்னோடது." அடுத்த விரல். "அந்த டாக்டர்கிட்ட நீங்க சொன்ன பொய் ஒண்ணு." நடு விரல். "அந்தப் பொண்ணு மேல போட்டது ஒண்ணு." ஆள்காட்டி விரல். "இந்த ரெண்டையும் நீங்களே ஒத்துக்கிட்டீங்க. வரவு வச்சாச்சு."

கட்டை விரல் மட்டும் நின்றது.

"அப்ப கணக்கு நேராயிருச்சா?" என்றார்.

"அன்னைக்குக் கடையில நின்னுக்கிட்டு அந்தப் பேப்பரப் படிச்சீங்கல்ல. எனக்கு நோவு திரும்பி வந்துருச்சுன்னு. அப்ப உங்க மொகத்துல ஒரு சந்தோஷம் இருந்துச்சு."

அவர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்ல இடமிருந்தது. சொன்னால் மூன்றாவது பொய் ஆகும்.

"அதப் பத்தி நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றாள். "அது பாக்கி."